சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

கேள்வி: ஐயா, குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் ஒரு பழைய பேக்ஹோ இயந்திரம் வைத்துத் தொழில் செய்கிறேன். ஊரில் எல்லாரும் ஜேசிபி என்றுதான் சொல்வார்கள். வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் எஞ்சின். செண்பகராமன்புதூர் பக்கம் செங்கல் சூளையில் ஓடிக்கொண்டிருந்ததை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். ரப்பர் தோட்டங்களில் மறுநடவுக்காக மரமூடு பெயர்ப்பதும், சரிவில் தட்டுத் தட்டாகத் தளம் வெட்டுவதும், வீட்டு அஸ்திவாரம் தோண்டுவதும்தான் வேலை. இப்போது 10 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் குறைகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் சொட்டுகிறது. ஐடிலில், அதாவது சுமையில்லாத குறைந்த வேகத்தில், விட்டுப் பார்த்தால் அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு. ஒரு மெக்கானிக், எஞ்சினின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையமான பின் ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் எஞ்சினையே ஓவராலிங் செய்யச் சொல்கிறார். நண்பர் ஒருவர் கெட்டியான 140 கியர் ஆயில் இரண்டு லிட்டர் கலந்து ஓட்டச் சொல்கிறார். போன வருடம் எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங் மாற்றினேன். மூன்றே வாரத்தில் மறுபடியும் கசிந்தது. எஞ்சினின் உள்வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயில் மழை நாளில் புகை வருவது நன்றாகத் தெரிகிறது. முதலில் எதைச் செய்வது?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில், மெக்கானிக்குகள் இருவரும் காதில் வாங்கிக்கொண்டார்களா என்று எனக்கு ஐயமாக இருக்கிற இரண்டு செய்திகள் கடைசியில் வருகின்றன. புதிய டேப்பெட் கவர் பேக்கிங் மூன்றே வாரத்தில் கசிந்தது ஒன்று. பிரீதர் குழாயில் புகை வருவது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, உங்கள் எஞ்சினின் உள்ளே காற்றழுத்தம் கூடி, அது ஆயிலைக் கிடைத்த வழியாகவெல்லாம் வெளியே தள்ளுகிறது என்று நினைக்க இடமிருக்கிறது. அப்படியானால், கியர்பாக்ஸை இறக்கிப் புதிய சீலைப் போட்ட பிறகும் சில வாரங்களில் அதே இடத்தில் ஆயில் சொட்டும். 40,000 ரூபாயும் வேலையற்ற ஒரு வாரமும் வீணாகும். எனவே கியர்பாக்ஸ் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் சில சோதனைகளை நீங்களே செய்து பார்த்துவிடலாம். அவற்றுக்குச் செலவு சில நூறு ரூபாய்க்கு மேல் வராது.

முதலில் நீங்கள் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் ஆயிலில் தோராயமாக 20 சொட்டுகள் இருக்கும். அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 120 சொட்டு, அதாவது 6 மில்லி. 10 மணி நேரத்துக்கு 60 மில்லிதான் ஆகிறது. ஆனால் குறைவதோ ஒரு லிட்டர். ஒரு லிட்டரும் கீழே சொட்டித்தான் போகிறது என்றால் இரண்டு வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் நாள் முழுவதும் விழ வேண்டும். ஆகவே நீங்கள் குனிந்து பார்க்கும் அந்தச் சொட்டு, மொத்த இழப்பில் சிறு பங்கைத்தான் காட்டுகிறது. மீதி ஆயில் மூன்று வழிகளில் போகலாம். எஞ்சின் அதைக் குடித்து எரிக்கலாம். பிரீதர் வழியாக ஆவியும் துளியுமாக வெளியேறலாம். அல்லது ஐடிலில் கசியாத ஓர் இடம், ஆக்சிலரேட்டர் கூட்டி வேலை செய்யும்போது ஏறும் ஆயில் அழுத்தத்தில் மட்டும் பீய்ச்சலாம். சீல் மாற்றுவதால் இம்மூன்றில் எதுவும் நிற்கப்போவதில்லை.

எஞ்சின் எரிக்கும் பங்கைப் பற்றி ஒரு சொல். ஓரளவு தேய்ந்த பழைய டீசல் எஞ்சின் எரிக்கும் டீசலில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவுக்கு ஆயிலையும் எரித்தால் அதைப் பெரிய குறையாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. நூற்றுக்கு ஒரு பங்கைத் தாண்டினால்தான் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கு நாள் வந்துவிட்டது என்போம். உங்கள் இயந்திரம் மணிக்கு 5 லிட்டர் டீசல் குடிப்பதாக வைத்துக்கொண்டால், 10 மணி நேரத்துக்குக் கால் லிட்டர் ஆயில் இவ்வழியில் போவது இயல்பு. எனவே நாளொன்றுக்கு ஒரு சொட்டுக்கூடக் குறையக் கூடாது என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள்.

அடுத்தது கழுவுதல். ஒழுகல் எங்கிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையில் பாதி, எஞ்சினைச் சரியாகக் கழுவுவதில் இருக்கிறது. பட்டறைகளில் பலர் அவசரத்தில் விட்டுவிடும் பகுதியும் இதுவே. மலையோரச் செம்மண்ணும் ஆயிலும் மழையில் குழைந்து, வெயிலில் இறுகி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சேம்பரின் மேல் விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். அந்தப் படிவின் உள்ளே ஆயில் ஓரிடத்தில் நுழைந்து வேறோரிடத்தில் வெளிவரும் என்பதால், மேலோட்டமாகப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மரச்சீவலாலோ பட்டி போடும் தகட்டாலோ படிவைச் சுரண்டி எடுங்கள். பிறகு வெந்நீரில் கரைத்த சோப்புத்தூளாலோ கடையில் கிடைக்கும் டிகிரீசராலோ தேய்த்துக் கழுவுங்கள். டீசலை ஊற்றிக் கழுவும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அது ஒரு ஈரப்படலத்தை விட்டுச்செல்வதால் புதிதாகக் கசியும் ஆயிலை மறைத்துவிடும், சூடான சைலன்சர் பக்கம் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், காற்று உறிஞ்சும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் கட்டிக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும் டீசல் பம்பின் மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சவே கூடாது; உள்ளே மிக நுண்ணிய இடைவெளியில் சுழலும் பாகங்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

நன்றாக உலர்ந்த பிறகு, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் சாதாரண முகப்பவுடரை மெல்லிய படலமாகத் தூவுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கால் மணி நேரம் கழித்து நிறுத்தி, டார்ச் விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள். அதன் பிறகு அரை மணி நேரம் உண்மையாகவே மண் வெட்டிவிட்டு மறுபடியும் பாருங்கள். இந்த இரண்டாவது பார்வை கட்டாயம் வேண்டும். உங்கள் ஒழுகலில் பெரும்பகுதி சுமையின் கீழ்தான் நடக்கக்கூடும் என்று மேலே கண்ட கணக்கு சொல்கிறது. வெண்பவுடரில் ஆயில் பட்ட தடம் கருப்புக் கோடாகத் தெரியும். ஆயில் கீழ்நோக்கி வழியும், ரேடியேட்டர் விசிறிக் காற்றோ அதைப் பின்நோக்கி ஓட்டும். ஆதலால் நனைந்த பகுதியிலேயே மிக உயரமாகவும் மிக முன்னாலும் உள்ள புள்ளிதான் நீங்கள் தேடும் இடம். இவ்வகை எஞ்சினில் முன்பக்கம் எங்கே கசிந்தாலும் கடைசியில், எஞ்சின் கியர்பாக்ஸோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் வந்துதான் சொட்டும். பின் சீலின் மேல் விழும் பழிகளில் பல இப்படி வந்தவை.

அந்தப் பழிக்கு உண்மையில் பொறுப்பானவை எவை என்று பட்டறை அனுபவத்தில் சொல்கிறேன். டேப்பெட் கவரின் பின்மூலையைத் தடவிப் பாருங்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச்சின் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். முனையின் உட்புறம் ஆயிலில் நனைந்திருந்தால் அந்தச் சுவிட்ச் தன் நடுவிலுள்ள பிளாஸ்டிக் வழியாகவே கசிகிறது என்று பொருள். சில நூறு ரூபாய் பெறாத இச்சிறு பொருள், எஞ்சின் சூடாக ஓடும்போது சதுர சென்டிமீட்டருக்கு மூன்று நான்கு கிலோ அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. அது கசியத் தொடங்கினால் ஒரு நாளில் அரை லிட்டரைச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும், ஐடிலில் பார்த்தால் வெறும் ஈரமாகத்தான் தெரியும். ஆயில் ஃபில்டரையும் கவனியுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டரை ஏற்றிவிடுவது அனுபவசாலிகளிடமும் நடக்கிறது. இவற்றுக்கு அப்பால் தள்ளுதண்டுகளின் பக்க மூடியும், ஆயில் கூலரின் இணைப்பும், ஆயில் சேம்பரின் பின்மூலைகளும் இருக்கின்றன. டர்போ இல்லாததால் அதன் ஆயில் குழாய்களைத் தேடும் வேலை உங்களுக்கு மிச்சம்.

சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியிலுள்ள வடிதுளை வழியாக, எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் சீல் கசிந்தால் வரும் கியர்பாக்ஸ் ஆயிலும் இறங்கும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டைப் பிடியுங்கள்: டீசல் எஞ்சின் ஆயில் கருப்பாக ஊறும், கியர்பாக்ஸ் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் தேன் நிறமாகவோ சிவப்பாகவோ, தாள் ஒளி ஊடுருவும்படி ஊறும். அந்த வடிதுளை மண்ணால் அடைத்திருந்தால் முதலில் ஒரு கம்பியால் குத்தித் திறந்து, தேங்கியிருப்பதை முழுவதும் வடியவிட்டு, அதன் பிறகே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு கீழே ஆயில் சேம்பர்ப் பக்கம் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்கென்று வைத்திருக்கும் ஒரே வழி பிரீதர். அவ்வழி குறுகிப்போனாலும், வழி தாங்காத அளவுக்கு வாயு இறங்கினாலும், பிரஷர் குக்கரில் விசில் அடைத்துக்கொண்டால் மூடியின் ரப்பர் வளையத்தின் ஓரமாக ஆவி பீறிடுவது போல, எஞ்சினின் பேக்கிங்குகளும் சீல்களும் ஆயிலோடு சேர்த்து வாயுவை வெளியே விடும். ஓரிடத்தை அடைத்தால் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். உங்கள் புதிய பேக்கிங் மூன்று வாரம் கூடத் தாங்காததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

பிரீதரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கம்பி வலையோ இரும்பு நாரோ இருக்கும். பல ஆண்டுகளாகக் கழுவாமல் விட்டிருந்தால் அது தார் பூசியதுபோல இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி உலர்த்துங்கள். குழாயின் கீழ்முனையையும் மறக்க வேண்டாம். மழைக்காலத்தில் தோட்டத்தில் இரண்டு மூன்று வாரம் நிறுத்திவைத்த இயந்திரங்களின் பிரீதர் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். மடங்கிய ரப்பர் குழாயும், உட்புறம் உப்பி வழியைக் குறுக்கிய பழைய குழாயும் அதே கெடுதலைச் செய்யும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும் என்பதால், கழற்றி ஊதிப் பார்க்காமல் நம்பக் கூடாது.

பிரீதரைக் கழுவிய பிறகும் அழுத்தம் இருக்கிறதா என்று அளக்க ஓர் எளிய கருவி போதும். மீன் தொட்டிக்கு வைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் ஆங்கில எழுத்து யூ வடிவில் கட்டி, பாதி வரை தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் பொருத்துங்கள்; மறுமுனை திறந்திருக்கட்டும். எஞ்சின் சூடேறிய பிறகு, ஆக்சிலரேட்டரை முழுவதும் கூட்டி, இரு கால்களிலும் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரீதர் குழாயை எஞ்சின் பக்கத்திலேயே கழற்றிவிட்டு, அதே வேகத்தில் மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள். குழாயைக் கழற்றியதும் தண்ணீர் ஏறத்தாழச் சமமட்டத்துக்கு வந்துவிட்டால் குற்றம் பிரீதர் வழியில் இருக்கிறது. கழற்றிய பிறகும் வித்தியாசம் நீடித்து, கழற்றிய வாயிலிருந்து புகை விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தால், ரிங்கும் அது உரசும் சிலிண்டர் உட்சுவரான லைனரும் தேய்ந்திருக்கின்றன. ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தித் தலைகீழாக வைத்து அது துள்ளுகிறதா என்று பார்ப்பது பழைய பட்டறை வழக்கம். ஆனால் நல்ல எஞ்சினிலும் மூடி கொஞ்சம் ஆடும் என்பதால் அதை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரிக்கச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

பிரீதர் முனையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டி, அதன் தோள்பகுதியில் வாயு வெளியேறப் பெரிய துளைகள் இட்டு, ஒரு நாள் வேலை செய்து பாருங்கள். மாலையில் பாட்டிலில் சேர்ந்த ஆயிலை மருந்து அளக்கும் கோப்பையில் அளந்தால், காணாமல் போன லிட்டரில் பிரீதரின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். துளையிட மறந்தால் நீங்களே பிரீதரை அடைத்தவர் ஆவீர்கள், கவனம்.

இயந்திரம் முன்பு செங்கல் சூளையில் ஓடியது என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு ரிங்கின் மேல்தான் சந்தேகம் எழுந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் எப்படி வீசும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில், சூளைக் களத்தின் புழுதியில், காற்று வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் ஒரு சிறு வெடிப்போ தளர்ந்த கிளிப்போ இருந்தால் போதும். நுண்மணல் நேராகச் சிலிண்டருக்குள் போய் ரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும். பல ஆயிரம் மணி நேரம் உழைக்க வேண்டிய எஞ்சின் ஒரே பருவத்தில் தேய்ந்துபோகும். வடிகட்டிக்குப் பின்னாலுள்ள அந்தக் குழாயைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் புழுதி ஒட்டினால், எந்த வேலையைச் செய்வதற்கு முன்பும் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் புதிய ரிங்கும் அதே கதிக்கு ஆளாகும்.

ஆக, பிரீதர் கழுவியதும் அழுத்தம் தணிந்தால், டேப்பெட் கவர் பேக்கிங்கை மட்டும் ஒழுங்காக மறுபடியும் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்; பின் சீல் கசிவு தானாகவே ஏற்கத்தக்க அளவுக்குக் குறையவும் கூடும். அழுத்தம் தணியாவிட்டால் நான் இரண்டாவது மெக்கானிக்கின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அவர் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன், டீசலைத் தூவும் இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும், அதாவது காற்றை அழுத்தும் அளவையும், கேஜ் வைத்து அளந்து, எண்களை உங்கள் கையில் எழுதித் தரட்டும். நான்கும் ஒரே சீராகக் குறைந்திருப்பதும், மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருப்பதும் ஒரே வேலையல்ல, செலவும் ஒன்றல்ல.

டேப்பெட் கவர் பேக்கிங் போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சென்ற முறை அதிலும் தவறு நடந்திருக்கலாம். ஒழுகல் நிற்கவில்லை என்றதும் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவது எல்லாரும் செய்வது. தகட்டு மூடி அதனால் போல்ட் துளைகளின் அருகே குழிந்து, துளைகளுக்கு நடுவே வில்லாக எழும்பிவிடும். பிறகு எவ்வளவு நல்ல பேக்கிங் வைத்தாலும் அந்த இடைவெளி அடையாது. மூடியைக் கழற்றி ஒரு சமமான இரும்புப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்து, எதிரே வெளிச்சத்தைப் பிடித்தால் வளைவு தெரியும். குழிந்த இடங்களை உட்புறமிருந்து உருண்டை முனைச் சுத்தியால் மெல்லத் தட்டிச் சமப்படுத்துங்கள். நீண்ட நாள் கடையில் கிடந்த கார்க் பேக்கிங் உலர்ந்து சுருங்கித் துளைகள் பொருந்தாமல் போயிருந்தால், சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும். நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி, இரண்டு மூன்று தவணையாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பிவிடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பவன். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் உதிர்ந்து, ஆயில் பம்பின் உறிஞ்சுவலையில் போய் அடைத்து, எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்கின் பேரிங்கைப் பிடிக்க வைத்த எஞ்சின்கள் பட்டறைகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. முன்பக்கப் பல்சக்கரங்களின் மூடியான டைமிங் கேஸும் எஞ்சின் பிளாக்கும் ஆயில் சேம்பரும் கூடும் மூலைகளில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு புள்ளி வைப்பதே அதன் சரியான பயன். வைத்த பிறகு உறை மேல் எழுதியுள்ள நேரம் வரை உலரவிட்டே ஆயில் ஊற்ற வேண்டும்.

ஒருவேளை எல்லாச் சோதனைக்கும் பிறகு பின் சீல்தான் என்று உறுதியானால், அந்த வேலையை ஒரே முறையில் முடிக்கும்படி திட்டமிடுங்கள். சீலின் விலை மொத்தச் செலவில் மிகச் சிறியது, கூலிதான் பெரியது. கியர்பாக்ஸ் பிரிந்திருக்கும்போது டார்க் கன்வெர்ட்டர் சீலையும் மாற்றிவிடுங்கள். ஃப்ளைவீலைக் கழற்றிய பிறகு, அதன் பின்னால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டின் பின்மூடியும் ஆயில் பாதையின் அடைப்பான்களும் ஈரமாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்று கசிந்தாலும் வெளியே பின் சீல் கசிவதைப் போலவே இருக்கும், ஃப்ளைவீலைக் கழற்றாமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பழைய சீலை எடுத்ததும் கிராங்க் முனையில் சீலின் உதடு ஓடிய தடத்தை விரல் நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் தடுக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, புதிய சீல் அதில் உட்கார்ந்து நிற்காது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு: மெல்லிய எஃகு ஸ்லீவ் ஒன்றை அந்த இடத்தில் ஏற்றுவது, அல்லது கையேடு அனுமதித்தால் சீலைச் சற்று ஆழம் மாற்றிப் பதித்து, உதடு தேயாத இடத்தில் ஓடும்படி செய்வது. கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி, டயல் கேஜ் வைத்து ஆட்டத்தையும் அளக்க வேண்டும். ஆட்டம் கையேட்டின் அளவைத் தாண்டினால் அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. அந்த நிலையில் எந்தச் சீலும் நிலைக்காது.

சீல் வகையைப் பொறுத்து ஏற்றும் முறை மாறும். சாதாரண ரப்பர் உதட்டுக்கு ஆயில் தடவி ஏற்ற வேண்டும். டெஃப்லான் உதடு கொண்டதை, கிராங்க் முனையைப் பிசுக்கில்லாமல் துடைத்து, உலர்ந்த நிலையிலேயே ஏற்ற வேண்டும். அதற்கும் ஆயில் தடவுவது நம் மெக்கானிக்குகள் நல்லெண்ணத்தில் செய்யும் பிழை. சுத்தியால் ஒரு பக்கமாக அடித்து ஏற்றினால் உதட்டின் பின்னாலுள்ள சுருள் ஸ்பிரிங் கழன்று உள்ளே விழும். எனவே சீல் விட்டத்துக்குச் சரியான ஒரு வளையத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்கி, அதை வைத்துச் சீராகத் தள்ளுவது நல்லது. பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு எஞ்சின்கள் சிலவற்றில் ரப்பர் சீலுக்குப் பதிலாகக் கிராஃபைட் கயிறு இருக்கும். அதுவாக இருந்தால், கயிற்றைப் பள்ளத்தில் உருண்டைக் கம்பியால் நன்றாக அழுத்திப் பதித்து, முனைகளைக் கையேடு சொல்லும் அளவு, பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் இடையில், வெளியே நீட்டி வெட்ட வேண்டும். கயிறு சீல் முற்றிலும் உலர்ந்திருக்காது. இலேசான ஈரம் அதன் இயல்பு. திரும்பச் சேர்க்கும்போது கன்வெர்ட்டர் தன் ஆயில் பம்பின் நாக்குகளில் முழுமையாக உட்கார்ந்ததா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஹவுசிங்கைப் பொருத்த வேண்டும். இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூட முயன்றால் பம்பு உடைந்து, ஆயில் ஒழுகலோடு போன வண்டி அதைவிடப் பெரிய செலவோடு திரும்பும். இவ்வேலைகளின்போது லோடர் கையைத் தூக்கி வைத்திருந்தால் அதற்குரிய பாதுகாப்புத் தாங்கியைப் பூட்டாமல் ஒருவரும் அடியில் போகக் கூடாது. ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிப் படுத்தவர்களின் கதைகளை இங்கே எழுத விரும்பவில்லை.

ஆயில் சேம்பர் தகட்டையும் ஒரு முறை தட்டிப் பார்த்துவிடுங்கள். உங்கள் பக்கம் உப்புக்காற்று இல்லை. குளச்சல், முட்டம் பக்கம் வேலை செய்யும் இயந்திரங்களில் இது விரைவாகவே வரும். ஆனாலும் ஈர மண் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்தால் அதன் அடியில் தகடு துருவேறி, ஊசித்துளைகள் விழுந்து கசிவதுண்டு. ஆயில் இருக்கும்போது அதன் மேல் வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கியர் ஆயில் யோசனையை உடனே கைவிடுங்கள். டீசல் எரிந்து வரும் கரியைத் தாங்கிச் சுமந்து ஃபில்டரில் சேர்க்கும் சேர்மானம் கியர் ஆயிலில் இல்லை. அது எஞ்சின் ஆயிலோடு கலந்து நுரைக்கும், படியும். கெட்டியான ஆயில் சொட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலேயுள்ள, வால்வுகளை அழுத்தும் ராக்கருக்கு அது ஏறித் தாமதமாகவே சேரும், அந்தச் சில வினாடிகளில் தேய்மானம் நடக்கும். உங்கள் எஞ்சினுக்குச் சொன்ன ஆயிலின் கெட்டித்தன்மைக் குறி 15 டபிள்யூ 40 என்றால், தற்காலிகமாக அதைவிடக் கெட்டியான 20 டபிள்யூ 50 போடுவது வரை நான் ஒப்புக்கொள்வேன். குமரி மாவட்டத்தில் அதைத் தடுக்கும் அளவுக்குக் குளிர் கிடையாது. ஒழுகலை நிறுத்தும் என்று விற்கப்படும் சேர்மானங்கள் இறுகிப்போன ரப்பரை ஓரளவு ஊதச் செய்பவை. பள்ளம் விழுந்த கிராங்குக்கும் வளைந்த தகட்டு மூடிக்கும் அவற்றால் பயனில்லை.

சரிவில் வேலை செய்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் தொழிலில் அது சேர்ந்தே வருகிறது. தோட்டத்துச் சரிவில் இயந்திரத்தின் முகம் மேல்நோக்கி நின்றால் ஆயில் முழுவதும் சேம்பரின் பின்பக்கம் தேங்கி, பின் சீல் மூழ்கும் அளவுக்கு ஏறலாம். சமதரையில் கசியாத சீலும் அப்போது கசியும். ஆபரேட்டர் சரிவிலேயே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்துக் குறைவு என்று எண்ணி ஊற்றினால் அளவு மீறும். மிகுந்த ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கி பிரீதர் வழியே துப்பும். காலையில், சமதரையில், எஞ்சின் நின்று குறைந்தது பத்து நிமிடம் ஆன பிறகு பார்த்து ஊற்றுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், உங்கள் ஒரு லிட்டர் கணக்கே சற்று மாறக்கூடும். அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அது வேறு நோய்: டீசல் ஃபீட் பம்பின் சவ்வான டயாஃப்ரம் கிழிந்து டீசல் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கலாம் என்று கொண்டு, வண்டியை உடனே நிறுத்திவிடுங்கள்.

வடித்தெடுக்கும் கழிவு ஆயிலைத் தோட்டத்து ஓடையிலோ குளக்கரையிலோ கொட்ட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. மூடிய கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போய்ச் சேரும்படி, அதை எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள்.

எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தால் அவசரப்பட்டு இப்போதே நாளைக் குறிக்காதீர்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துத் தோட்டத்தில் எப்படியும் வேலை நிற்கும் வாரங்களில் வைத்துக்கொண்டால் வருமான இழப்பு குறையும். அதுவரை ஆயில் அளவைத் தினமும் பார்த்து, பிரஷர் விளக்கு ஒளிர்ந்தால் அந்த நொடியே நிறுத்தி, சைலன்சர் பக்கம் ஆயில் படாமல் துடைத்து வைத்து ஓட்டலாம். குழாயில் தண்ணீர் காட்டிய வித்தியாசம் இரண்டையும், பாட்டிலில் சேர்ந்த அளவையும், வெண்பவுடரில் கருத்த இடம் எது என்பதையும் எழுதி அனுப்புங்கள்; எந்த மெக்கானிக்கிடம் என்ன வேலையை ஒப்படைப்பது என்று அதன் பிறகு திட்டவட்டமாகச் சொல்கிறேன்.